பால்டிமோரிலிருந்து நியூயார்க்குக்கு: மைக் முசினா விவாதத்தின் பின்னணி

2000ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று, பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் முதன்மைப் பிட்சராக (பந்தெறிபவராக) பத்துப் பருவங்கள் ஆடிய மைக் முசினா, நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் ஆறு ஆண்டுகளுக்கு 8 கோடியே 85 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பெரிய பிட்சர் அணி மாறுவது புதிய செய்தி அல்ல. ஆனால் இந்த மாற்றம் பால்டிமோரில் கிளப்பிய வாக்குவாதம் அந்தக் குளிர்காலத்தோடு அடங்கவில்லை. அவர் துரோகம் செய்தாரா, அல்லது அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியவர்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லையா என்ற கேள்வியை அந்நகரத்து ரசிகர்கள் ஒரு தலைமுறைக் காலம் தங்களுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அது போய்ச் சேர்ந்த முகவரிதான் தவறு.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு வீரர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அமெரிக்க பேஸ்பாலில் அந்த உரிமை இருக்கவில்லை. ஒருமுறை கையெழுத்திட்ட வீரரை, ஒப்பந்தம் முடிந்த பிறகும், ஆண்டுதோறும் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம் என்ற விதியை அணி உரிமையாளர்கள் வைத்திருந்தார்கள். 1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து கர்ட் ஃப்ளட் என்ற வீரர் நீதிமன்றம் சென்றார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் கிடைக்காதது, மார்வின் மில்லர் தலைமையிலான வீரர்கள் சங்கம் பேரம் பேசிப் பெற்ற நடுத்தீர்ப்பு முறையின் வழியே கிடைத்தது. ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பிட்சர்கள் 1975ஆம் ஆண்டில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே ஆடினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று, நடுத்தீர்ப்பாளர் பீட்டர் சைட்ஸ், அணிகளின் பிடி ஓர் ஆண்டுக்கு மேல் நீளாது என்று தீர்ப்பளித்து அவ்விருவரையும் விடுவித்தார். அடுத்த ஆண்டு செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, உச்சநிலைப் போட்டியான பெரிய லீகில் ஆறு ஆண்டு ஆடிய எவரும் ஒப்பந்தம் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது எந்த அணிக்கும் கட்டுப்படாதவராக, விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றாயிற்று.

இதில் பால்டிமோருக்கு நேரடித் தொடர்பு உண்டு. மெக்நாலி ஓய்வுக்கு முந்தைய கடைசிச் சில மாதங்களை மான்ட்ரியாலில் கழித்தவரே தவிர, ஓரியோல்ஸுக்காக 181 ஆட்டங்களை வென்றவர். ஓரியோல்ஸ் பிட்சர்களின் வெற்றிப் பட்டியலில் முதலிடத்தில் ஜிம் பாமர், இரண்டாம் இடத்தில் மெக்நாலி, மூன்றாம் இடத்தில் முசினா. முசினா வெளியேறிய கதவைத் திறந்துவைத்த இருவரில் ஒருவர், அதே பட்டியலில் அவருக்கு ஒரு படி மேலே நிற்கிறார். அந்தக் கதவு திறந்த முதல் ஆண்டிலேயே பால்டிமோர் அதன் வலியையும் அறிந்துகொண்டது: 1976இல் ஒரே ஒரு பருவம் ஓரியோல்ஸுக்கு ஆடிய ரெஜி ஜாக்சன், அந்தப் பருவம் முடிந்ததும் யாங்கீஸுக்குப் போனார், மறு ஆண்டே, பருவத்தின் இறுதிப் பட்டத் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஆறாம் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) அடித்து நியூயார்க்கின் நாயகன் ஆனார்.

நம் வாசகர்களுக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தோடு ஒப்பிட்டால் இந்த முறையின் தன்மை விளங்கும். ஏலத்தில் வீரர் தன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதிக விலை கேட்டவரிடம் போகிறார். ஆகவே ஒருவர் எதிரணியின் சீருடையில் தோன்றினாலும் ரசிகர்கள் அவரைக் குற்றம் சொல்வதில்லை. ஃப்ரீ ஏஜென்ட் அப்படியல்ல. அவர் முன்னால் பல அணிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தன் விருப்பத்தால் தேர்கிறார். தேர்வு அவருடையது என்பதாலேயே அதற்கான பழியும் அவரிடம் வந்து சேர்கிறது.

முசினா பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்து, ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1990இல், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் இளையோர் தேர்வின் முதல் சுற்றில், ஓரியோல்ஸ் அவரைத் தேர்வு செய்தது. 1991 ஆகஸ்டில் பெரிய லீகில் அறிமுகமானார். அடுத்த ஆண்டே 18 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கோடு நிலைபெற்றார். பிடியில் விரலை மடக்கி எறியும் நக்கிள் கர்வ் என்ற வளைபந்து அவருடைய அடையாளம். ஓரியோல்ஸுக்காக அவர் 147 ஆட்டங்களை வென்று 81இல் தோற்றார். கேல் ரிப்கன் 2,131 ஆட்டங்கள் இடைவிடாமல் ஆடி லூ கெரிக்கின் சாதனையை முறியடித்த 1995 செப்டம்பர் 6 இரவில், ஓரியோல்ஸுக்காகப் பந்தெறிந்து வென்றவரும் முசினாதான்.

ஆனால் பால்டிமோர் ரசிகர்கள் அவரை நினைக்கும்போது முதலில் சொல்வது 1997 அக்டோபரைத்தான். அந்த ஆண்டு ஓரியோல்ஸ் பருவத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பிரிவின் முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் 98 ஆட்டங்களை வென்றது. பிளேஆஃபின் முதல் சுற்றில் முசினா, அக்காலத்தில் அடிப்பவர்களைக் கலங்கவைத்த சியாட்டிலின் ராண்டி ஜான்சனை இருமுறை எதிர்கொண்டு இருமுறையும் வென்றார். கிளீவ்லாந்துக்கு எதிரான அடுத்த சுற்றின் மூன்றாம் ஆட்டத்தில், ஏழு இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்) 15 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவிடாமல் மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழக்கச் செய்தார். அணி 12ஆவது இன்னிங்ஸில் தோற்றது. ஆறாம் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து, மேலும் 10 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். அணியால் ஒரு ரன் கூட எடுக்க முடியவில்லை, 11ஆவது இன்னிங்ஸில் டோனி ஃபெர்னாண்டஸின் ஹோம் ரன்னோடு பருவம் முடிந்தது. இரண்டு ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ், 25 ஸ்டிரைக் அவுட், விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ரன், இரண்டுமே தோல்வி. ஒரு பிட்சர் தன் அணிக்கு இதைவிட என்ன தர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் அவர் தந்தது இன்னொன்றும் உண்டு. ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்குச் சில மாதங்களே இருந்த நிலையில், சந்தைக்குப் போகாமல், 2 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர். அது எவ்வளவு பெரிய சலுகை என்பது அடுத்து வந்த ஒப்பந்தங்களைப் பார்த்தால் தெரியும். அதே ஆகஸ்டில் கிரெக் மேடக்ஸ் அட்லாண்டாவுடன் ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடியே 75 லட்சத்துக்கும், டிசம்பரில் பெட்ரோ மார்ட்டினஸ் பாஸ்டனுடன் ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 50 லட்சத்துக்கும் கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டு கெவின் பிரவுன் லாஸ் ஏஞ்சலிஸில் ஏழு ஆண்டுகளுக்கு 10 கோடியே 50 லட்சம் பெற்றார். 1998 முதல் 2000 வரை முசினா, தன் தரத்துக்கு ஒத்த பிட்சர்கள் வாங்கியதைவிட மிகக் குறைந்த ஊதியத்துக்குப் பால்டிமோரில் ஆடினார். விசுவாசம் என்பதை அளக்க முடியுமானால், அவர் அதை ஏற்கெனவே டாலரில் செலுத்திவிட்டிருந்தார்.

இனி எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருகிறேன். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பால்டிமோர் ரசிகருக்கு வீரர்களின் விசுவாசம் குறித்து உயர்ந்த எதிர்பார்ப்பு இருந்ததென்றால், அதற்குக் காரணம் அவர் கண்ட வீரர்கள். புரூக்ஸ் ராபின்சன் 23 பருவங்கள், கேல் ரிப்கன் 21, ஜிம் பாமர் 19. மூவரும் வேறு எந்த அணியின் சீருடையையும் அணியாதவர்கள். அதே நகரம் 1984 மார்ச்சில் ஓர் இரவோடு இரவாகத் தன் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸை இழந்தது. உரிமையாளர் சாமான்களை லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அப்படிப்பட்ட ஊரில், எங்களை விட்டுப் போகாதவர்கள் என்று நம்பக்கூடிய சிலரின் வரிசையில் முசினாவும் இருப்பார் என்று எதிர்பார்த்தது தவறல்ல.

அவர் போன இடம் அதைவிடக் கடினமானது. யாங்கீஸ் அப்போது ஐந்து ஆண்டுகளில் நான்கு வேர்ல்ட் சீரிஸ் வென்றிருந்தது. அந்த வெற்றிகளில் முதலாவது பால்டிமோரின் இழப்பிலிருந்து தொடங்கியது: 1996 அக்டோபர் 9 அன்று யாங்கி மைதானத்தில், டெரெக் ஜீட்டர் அடித்த பந்தை, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு 12 வயதுச் சிறுவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், ஓரியோல்ஸின் டோனி டராஸ்கோ பிடிக்கக் காத்திருந்த அந்தப் பந்தை நடுவர் ஹோம் ரன் என்று அறிவித்தார். ஓரியோல்ஸ் அந்த ஆட்டத்தையும் பிறகு தொடரையும் இழந்தது. அந்த நினைவு ஆறுவதற்குள், தங்கள் தலைசிறந்த பிட்சர் அதே மைதானத்தைத் தன் வீடாக்கிக்கொண்டார் என்ற செய்தியை ரசிகர்கள் கேட்க வேண்டியிருந்தது.

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தாலும் இழப்பு இரட்டிப்புதான். ஓரியோல்ஸும் யாங்கீஸும் அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவில் இருப்பவை. 2001இல் அறிமுகமான புதிய அட்டவணைப்படி ஒரே பிரிவு அணிகள் தங்களுக்குள் 18 அல்லது 19 ஆட்டங்கள் ஆட வேண்டும். தொடக்கப் பிட்சர் ஒருவர் ஐந்து நாளுக்கு ஒருமுறை களம் இறங்குவார் என்பதால், முசினாவையே பால்டிமோர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை எதிர்கொள்ள நேரிடும். தொலைவிலுள்ள வேறு அணிக்குப் போயிருந்தால் ஒரு பிட்சரை இழந்ததோடு கணக்கு முடிந்திருக்கும். இங்கே தன்னிடமிருந்து கழித்தது, முந்த வேண்டிய அணியோடு கூட்டப்பட்டது. இந்த வேறுபாட்டைப் பின்னாளில் பால்டிமோரே கண்டது. 2024இல் ஒரே பருவம் சிறப்பாக ஆடிய கார்பின் பர்ன்ஸ், அந்தக் குளிர்காலத்தில் ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலருக்கு அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்குப் போனார். அது வேறு லீகில் உள்ள அணி, தொலைதூர ஊர். வருத்தம் இருந்தது, முசினாவுக்கு எழுந்ததைப் போன்ற பகை எழவில்லை.

சரி, அவரை ஏன் நிறுத்திக்கொள்ளவில்லை? ஊர் சிறியது, யாங்கீஸின் பணத்தோடு போட்டியிட முடியாது என்ற விளக்கம் அக்காலத்தில் அடிக்கடி சொல்லப்பட்டது. எண்கள் அதை ஆதரிக்கவில்லை. 1992இல் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் மைதானம் பொதுப்பணத்தில் கட்டப்பட்டது; 1997இல் அங்கே 37 லட்சம் பேர் ஆட்டம் பார்த்தார்கள்; 1998இல் பேஸ்பாலிலேயே மிக அதிக ஊதியச் செலவு செய்த அணி ஓரியோல்ஸ்தான். பணம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்ற தெளிவுதான் இல்லை.

அந்தத் தெளிவின்மையின் மையத்தில் இருந்தவர் அணியின் உரிமையாளர் பீட்டர் ஆஞ்சலோஸ். கல்நார் நோயால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்காக வழக்காடிப் பெரும் செல்வம் சேர்த்த வழக்கறிஞரான அவர், 1993இல் அணியை 17 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். அணியை மீண்டும் உள்ளூர்க்காரர் ஒருவரின் கையில் கொண்டுவந்தார் என்பதற்காக நகரம் அவரைக் கொண்டாடியது. அதை மறக்கக் கூடாது. ஆனால் 1997இல் 98 ஆட்டங்களை வென்று தந்த மேலாளர் டேவி ஜான்சன், உரிமையாளரோடு ஏற்பட்ட பிணக்கால், ஆண்டின் சிறந்த மேலாளர் விருது தனக்கு அறிவிக்கப்பட்ட அதே நாளில் பதவி விலகினார். பொது மேலாளர் பாட் கில்லிக் அடுத்த ஆண்டோடு வெளியேறினார். ஜான்சன் விலகிய அடுத்த பருவத்திலிருந்தே ஓரியோல்ஸ் தொடர்ந்து தோற்கத் தொடங்கியது.

2000ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் நிர்வாகம் அணியைக் கலைத்தது. மைக் போர்டிக், பி. ஜே. சர்ஹாஃப், சார்லஸ் ஜான்சன், ஹெரால்ட் பெய்ன்ஸ், வில் கிளார்க், மைக் டிம்லின் என ஒருவர்பின் ஒருவராக வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். முசினா மட்டும் விற்கப்படவில்லை, ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. இந்தத் தவறை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாகக் கருதுகிறேன். அவரை வைத்துக்கொள்வதென்றால் அதற்குரிய விலையைப் பருவம் தொடங்குமுன்பே தந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் ஜூலையில் அவருக்கு ஈடாக இளம் வீரர்கள் சிலரைப் பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டே போனதால், இறுதியில் கையில் மிஞ்சியது இழப்பீடாகக் கிடைத்த இளையோர் தேர்வு வாய்ப்புகள் மட்டுமே. அந்தப் பருவத்தில் முசினாவின் கணக்கு 11 வெற்றி, 15 தோல்வி. அதைக் காட்டி அவர் தேய்ந்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு அவரைவிட அதிக இன்னிங்ஸ் எறிந்தவர் எவரும் இல்லை. 74 ஆட்டங்களை மட்டுமே வென்ற அணியின் பிட்சருக்குத் தோல்விகள் கூடுவதில் வியப்பில்லை.

யாங்கீஸ் தரப்பில் மேலாளர் ஜோ டோரியே முசினாவைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். தன் மதிப்பை மூன்று ஆண்டுகளாகக் குறைத்து வாங்கியவருக்கு, கேட்டு அழைக்கும் ஒரு குரல் எவ்வளவு பொருள்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பணத்தாசை என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அவர் கையெழுத்திட்ட சில நாட்களிலேயே, அதே டிசம்பரில், மைக் ஹாம்ப்டன் என்ற பிட்சர் கொலராடோவிடம் எட்டு ஆண்டுகளுக்கு 12 கோடியே 10 லட்சம் பெற்றார். மேனி ராமிரஸுக்கு பாஸ்டன் 16 கோடியும் அலெக்ஸ் ராட்ரிகஸுக்கு டெக்சஸ் 25 கோடியே 20 லட்சமும் தந்தன. உச்ச விலைக்காகக் காத்திருப்பவர் நவம்பரிலேயே முடிவெடுத்திருக்க மாட்டார்.

ஓரியோல்ஸும் யாங்கீஸும் ஒருவர் பிட்சரை மற்றவர் எடுத்துக்கொள்வது அதுவே முதல்முறையும் அல்ல. 1996 வேர்ல்ட் சீரிஸின் இறுதி ஆட்டத்தில் யாங்கீஸுக்காக வென்ற ஜிம்மி கீ, சில வாரங்களிலேயே ஃப்ரீ ஏஜென்டாக பால்டிமோருக்கு வந்தார். 1997இல் 16 ஆட்டங்களை வென்று பிரிவுப் பட்டத்துக்குத் துணைநின்றார். அதே குளிர்காலத்தில் ஓரியோல்ஸின் டேவிட் வெல்ஸ் எதிர்த்திசையில் யாங்கீஸுக்குப் போனார். 1998 மே மாதத்தில் அங்கே பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவர்கூட பேஸை அடையாத ஆட்டம், எறிந்தார். ஜிம்மி கீயை வரவேற்ற கைகள் முசினாவைத் துரோகி என்று சுட்டுவதில் ஒரு முரண் இருக்கிறது. வெல்ஸைப் போல் ஓராண்டு ஆடிப் போனவரும் பத்தாண்டு ஆடிப் போனவரும் ரசிகரின் மனத்தில் ஒன்றல்ல என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அன்பு கூடிய இடத்தில்தான் புண்ணும் ஆழம்.

நியூயார்க்கில் அவர் ஆடிய எட்டு ஆண்டுகளை விரிவாகச் சொல்ல இங்கே தேவையில்லை. 2001 செப்டம்பர் 2 அன்று பாஸ்டனில் ஒரு பெர்ஃபெக்ட் கேமை முடிக்க ஒரே ஒரு ஸ்டிரைக் தேவைப்பட்ட நிலையில், கார்ல் எவரெட் அடித்த ஹிட் அதைக் கலைத்தது. அந்த அக்டோபரில் தொடரையே இழக்கும் நிலையிலிருந்த அணிக்காக ஓக்லாந்தில் 1-0 வெற்றியை எறிந்து தந்தார். 2003இல் பாஸ்டனுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், அதுவரை பழக்கமில்லாத மாற்றுப் பிட்சர் பணியில் நடுவே நுழைந்து அணியைக் காத்தார். 2008இல் 39 வயதில் முதன்முறையாக 20 வெற்றிகளை எட்டி, அத்தோடு ஓய்வுபெற்றார். மொத்தம் 270 வெற்றிகள். ஆனால் யாங்கீஸ் 2001, 2003 இரண்டு வேர்ல்ட் சீரிஸிலும் தோற்றது. அடுத்து வென்றது 2009இல், அவர் விலகிய மறு ஆண்டு.

பட்டம் கிடைக்காததை அவர் பெற்ற தண்டனை என்று சொல்லி ஆறுதல் அடையும் பால்டிமோர் ரசிகர்களும் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் விலகிய முடிவு சரியா என்பதை அளக்க வேண்டுமென்றால் அவர் விட்டுச்சென்ற அணியைப் பார்க்க வேண்டும். ஓரியோல்ஸ் 1998 முதல் 2011 வரை தொடர்ந்து 14 பருவங்கள் வெற்றியைவிட அதிகத் தோல்விகளோடு முடித்தது. 37 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 2010இல் 17 லட்சத்துக்கு இறங்கியது. யாங்கீஸ் வரும் நாட்களில் கேம்டன் யார்ட்ஸின் இருக்கைகளை நியூயார்க்கிலிருந்து வந்த ரசிகர்கள் நிறைத்தார்கள். தங்கள் சொந்த மைதானத்தில் அயலார்போல் உட்கார நேர்ந்த அந்த ரசிகர்களின் துயரத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது முசினா அல்ல என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் இருந்திருந்தால் ஆண்டுக்குச் சில வெற்றிகள் கூடியிருக்கும். அந்தப் பதினான்கு ஆண்டுகள் மாறியிருக்காது.

2012இல் ஓரியோல்ஸ் அணி அவரைத் தன் புகழ் அரங்கில் சேர்த்தது. 2019இல், ஆறாவது முறை வாக்கெடுப்பில், 76.7 சதவீத வாக்குகளோடு கூப்பர்ஸ்டவுனில் உள்ள தேசிய பேஸ்பால் புகழ் அரங்குக்குத் தேர்வானார். அங்கே வைக்கப்படும் வெண்கலப் பலகையில் வீரரின் தொப்பியில் ஓர் அணியின் சின்னம் இருப்பது வழக்கம். முசினாவின் பலகையில் தொப்பி சின்னமின்றி இருக்கிறது. பத்துப் பருவங்களும் 147 வெற்றிகளும் ஒரு பக்கம், எட்டுப் பருவங்களும் 123 வெற்றிகளும் மறுபக்கம்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை ஒதுக்க அவர் விரும்பவில்லை. எங்கள் ஓரியோல் பறவைச் சின்னத்தையாவது வைத்திருக்கலாமே என்று பால்டிமோரில் மறுபடியும் பேச்சு எழுந்தது. 1997 மே மாதத்தில் குறைந்த ஊதியத்துக்கு அவர் கையெழுத்திட்டபோது, முழுத் தொழில்வாழ்வையும் அந்தச் சின்னத்தின் கீழ் கழிக்கவே விரும்பினார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதற்கடுத்த மூன்றாண்டுகளில் அந்த விருப்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பு ஓரியோல்ஸ் நிர்வாகத்தின் கையில் இருந்தது.